இரும்புக் கிழவியோடு ஓட்டப் பந்தயம்

இந்தத் தடவையும் கிழவிதான் முந்திவிட்டாள்.

தக்சன் கதிரையில் சரிந்து உட்கார்ந்து, தன் திரையில் இன்னும் சுற்றிக்கொண்டிருந்த வட்டத்தைப் பார்த்தான். அடுத்த மேசையில் ஒட்வார் தன் றிப்போட்டை அச்சடித்து, விசிறி மாதிரி மடித்து, முகத்துக்கு வீசிக்கொண்டிருந்தார். ஒஸ்லோவில் மாசி மாதம். யன்னலுக்கு வெளியே பனி கொட்டித் தள்ளுகிறது. விசிறுகிறாராம் விசிறி!

"இன்னும் முடியேல்லையோ?" என்று கேட்டார்.

"முடியப்போகுது."

"அவசரமில்லை. நான் போய்க் கோப்பி எடுத்துக்கொண்டு வாறன். உனக்கும் ஒண்டு எடுக்கட்டோ? ரெண்டு வேணுமெண்டாலும் குடிக்கலாம், நேரமிருக்கு."

ஒட்வார் பேசியது நோர்வே மொழிதான். ஆனால் தக்சனின் காதுக்குள் போகும்போது அது யாழ்ப்பாணத் தமிழாகத்தான் போய் விழும். நக்கல் என்றால் கேட்கவே வேண்டாம், பொரித்த மிளகாய் வாசத்தோடு விழும். நாங்களும் அப்படியே கேட்டுக்கொள்வோம்.

கிழவி யாரென்று முதலில் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் வீண்பழி வந்து சேரும். அல்னாப்ருவில், கடைகளுக்கு மீன் அனுப்புகிற கொம்பனி ஒன்றில்தான் தக்சனுக்கு வேலை. எந்தக் கடைக்கு எத்தனை பெட்டி சால்மன், எந்த லொறியில் எத்தனை பெட்டி கொட்மீன் என்று தினமும் காலையில் ஒரு றிப்போட் வர வேண்டும். அது வந்தால்தான் லொறி அசையும். அந்த றிப்போட்டைத் தருகிற தரவுத்தளம், நிலவறையில் இருக்கும் ஒரு பழைய இரும்புப் பெட்டியில் ஓடுகிறது. பெட்டிக்கு ஒட்வார் வைத்த பெயர் 'கம்லமூர்', அதாவது கிழவி. தினமும் காலையில் தொப்பியைக் கழற்ற முன்னரே நிலவறைக்கு இறங்குவார். பச்சை விளக்குகள் மினுங்குவதைப் பார்ப்பார். பெட்டியின் தோளில் இரண்டு தட்டுத் தட்டி, "காலை வணக்கம், கம்லமூர்" என்பார். வீட்டில் மனைவிக்கு அப்படிச் சொல்கிறாரோ தெரியாது.

தக்சனைக் கொம்பனிக்கு எடுத்தது இந்தக் கிழவியை ஓய்வுக்கு அனுப்பத்தான். புதிதாக வந்த மனேச்சர் இங்ரிட்டுக்கு எல்லாவற்றையும் வேர்ச்சுவல் மெஷினுக்கு மாற்றிவிட விருப்பம். வேர்ச்சுவல் மெஷின் ஒன்றும் மாயமந்திரமில்லை. 'ஹோஸ்ட்' என்கிற ஒரு பெரிய கணினிக்குள் பல கணினிகளைக் குடிவைப்பது, அவ்வளவுதான். தக்சன் குடியிருக்கும் ரொம்சோஸ் அடுக்குமாடியைப் போலவே. ஆளாளுக்குத் தனிக்கதவு, தனிமணி. சுடுதண்ணி மட்டும் எல்லாருக்கும் பொது.

"நடக்காத காரியம்," என்றார் ஒட்வார். "டேட்டாபேஸ் எண்டது பெரிய பசுமாடு. அதைக் கொண்டுபோய் அடுக்குமாடியில கட்டுவியோ? இரும்பு வேணும், இரும்பு!"

இங்ரிட் ஒருவர் மனமும் நோகாதபடி தீர்ப்புச் சொன்னாள். நோர்வேக்காரர்கள் இதில் கெட்டிக்காரர்கள்.

"வாற வெள்ளிக்கிழமை ரெண்டையும் பக்கத்துப் பக்கத்தில ஓடவிடுவம். வேர்ச்சுவல் வெண்டால் எல்லாத்தையும் மாத்துவம், தக்சனுக்கு நிரந்தர வேலை. இரும்பு வெண்டால் இரும்பே இருக்கட்டும். தக்சனின்ர ஒப்பந்தம் மாதக் கடைசியோட முடியும். சரிதானே?"

"சரி," என்றார் ஒட்வார். "நான் கேக் கொண்டு வாறன்."

தக்சனும் சரி என்றான். வேறென்ன சொல்ல?

ஒப்பந்தம் முடிந்தால் ஒஸ்லோவில் வேறு வேலை உடனே கிடைக்காது, தேடிப் பார்த்துவிட்டான். ஸ்தவாங்கரில் பழைய எண்ணெய்க் கொம்பனி மட்டும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றது. ஆனால் போன வருடந்தான் அங்கிருந்து சட்டி பானை கட்டி ஒஸ்லோவுக்கு வந்தார்கள். மனைவி சுஜானிக்கு இப்போதுதான் பக்கத்து முதியோர் இல்லத்தில் வேலை பிடித்துப்போயிருந்தது. மகள் ஹம்சிகா பள்ளிக்கூடம் தொடங்கிப் பல மாதம் வாயே திறக்காமல் இருந்து, இப்போதுதான் தேயா என்றொரு சினேகிதியைச் சம்பாதித்திருந்தாள்.

"இன்னொருக்கா வீடு மாற என்னாலை ஏலாது," என்று சுஜானி சொல்லியிருந்தாள். "நீங்கள் போறதெண்டால் போங்கோ. நானும் பிள்ளையும் இஞ்சைதான்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். பகிடி இல்லையென்று இருவருக்கும் தெரியும். தனியே ஸ்தவாங்கரில் ஓர் அறை எடுத்து, இரவு மகளின் முகத்தைப் போனில் பார்ப்பதை நினைத்தாலே தக்சனுக்கு அழுகை வந்தது.

ஆகவே கிழவியை வென்றே ஆக வேண்டும்.

அதற்கு யூலியாவின் தயவு தேவை. ஹோஸ்ட் கணினிகளைப் பார்ப்பவள் அவள்தான், நாலாம் மாடியில் இருந்தாள். நோர்வேயிலேயே பிறந்தவள், பெற்றோர் மன்னார்ப் பக்கம். நல்ல பிள்ளை, கெட்டிக்காரி. அவளில் ஒரு குற்றமும் இல்லை. குற்றம் இருந்ததெல்லாம் அவளுடைய தாய் அனஸ்ரேசியா அக்காவில்தான்.

அனஸ்ரேசியா அக்காவின் காதில் ஒரு செய்தி விழுந்தால் போதும். ஞாயிறு பூசை முடிந்து கோப்பி குடித்துக் கோப்பையை வைக்க முன்னர் ஒஸ்லோத் தமிழர் முழுப்பேருக்கும் போய்விடும். பின்னேரத்துக்குள் ஸ்தவாங்கருக்கும் போய், அங்கிருந்து கைகால் முளைத்துத் திரும்பி வரும். 'சுஜானியின்ர மனுசன் ஒரு கிழட்டு இரும்புப் பெட்டியோட ஓடித் தோக்கிறாராம், வேலையும் போகப்போகுதாம்' என்று ஊர் கதைத்தால், எந்த முகத்தோடு தமிழ்க்கடைக்குப் போய் முருங்கைக்காய் வாங்குவது? மானம் பெரிதல்லவா! பந்தயம், இரும்பு, ஒப்பந்தம் என்று ஒரு சொல்லும் யூலியாவின் காதில் விழக்கூடாதென்று தக்சன் முடிவெடுத்தான்.

நாலாம் மாடிக்கு ஏறினான்.

"யூலியா, என்ர மெஷினுக்கு நாலு சீபியூதானே இருக்கு. அதை எட்டாக்கித் தரேலுமோ?"

"என்னத்துக்கு, அண்ணா?"

"சும்மா. ஒரு சோதனை."

"சும்மா சோதனைக்கு எட்டோ?"

"பெரிய சோதனை."

யூலியா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "தரலாம். ஆனா அந்த ஹோஸ்டில வேற ஆக்களும் குடியிருக்கினம். ஆரார் எண்டு சொல்லட்டோ? நீங்கள்…"

"வேண்டாம் வேண்டாம்," என்று தக்சன் அவசரமாகக் கையை உயர்த்தினான். கதை வளர்ந்தால் கேள்வி வளரும். "ஆராயிருந்தாலும் கொஞ்சம் ஒதுங்கி இருக்கட்டும்."

"சரி, உங்கட விருப்பம்."

மாற்றம் செய்ய முன்னர் தக்சன் ஒரு காரியம் செய்தான். மெஷின் இப்போது இருக்கிற நிலையை அப்படியே ஒரு 'ஸ்னப்ஷொட்' எடுத்து வைத்துக்கொண்டான். ஏதும் பிழைத்தால் பழைய நிலைக்குத் திரும்பலாமே. யாழ்ப்பாணத்தில் பிறந்த எவனும் எதையும் ஒரேயடியாக நம்பிக் காலை வைக்க மாட்டான். எதுக்கும் இருக்கட்டும்.

கணினியின் மூளையான சீபியூ எட்டோடு ஓடவிட்டான். முன்பைவிட மெதுவாக ஓடியது.

"இண்டைக்கு என்ர கிழவிக்கும் கொஞ்சம் மூச்சு வாங்குது," என்றார் ஒட்வார், தன் திரையைப் பார்த்து நெற்றியைச் சுருக்கி. "நீ உன்ர மெஷினை ஓட்டேக்கைதான் இப்பிடி. நெற்வேர்க்கைப் போட்டு நெரிக்கிறாய் போல." பிறகு றிப்போட் வந்தது. முகம் மலர்ந்தது. "எண்டாலும் பார், முந்தியிட்டாள்!"

எட்டுப் போதவில்லை போலும் என்று நினைத்தான் தக்சன். விருந்தாளிக்கு ஒரு அகப்பை சோறு போதவில்லையென்றால் இன்னும் இரண்டு அகப்பை போடுவதுதானே எங்கள் வழக்கம். இன்னொரு ஸ்னப்ஷொட் எடுத்தான். மேலே போய்ப் பதினாறு சீபியூ கேட்டான்.

மெஷின் ஊர்ந்தது.

மூன்றாவது தடவை மேலே போனபோது யூலியா தன் திரையை அவன் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

"அண்ணா, உங்கட மெஷின் வேலை செய்யேல்லை. வேலைக்குக் காத்துக்கொண்டு நிக்குது. இந்தச் சிவப்புக் கோடு முழுக்கக் காத்து நிண்ட நேரம்."

"பதினாறு சீபியூ இருக்கே!"

"அதுதான் பிரச்சினை. கலியாண வீட்டில பதினாறு பேர் ஒண்டாப் போய், பக்கத்துப் பக்கத்தில பதினாறு கதிரை கிடைச்சால்தான் பந்தியில குந்துவம் எண்டு நிண்டால் எப்ப சாப்பிடுறது? நாலு பேரா வந்தவை சாப்பிட்டுக் கையும் கழுவியிடுவினம். நாலாக் குறையுங்கோ, அண்ணா. பறக்கும்."

தக்சனுக்கு இது விளங்கியது. விளங்கினாலும் மனம் ஒப்பவில்லை. வலிய வந்து கேட்டு வாங்கியதைத் திருப்பிக் கொடுப்பதா? அதுவும், 'குறைச்சால்தான் வேகம்' என்று சொன்னால் யார் நம்புவார்? அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்.

"சீபியூ கிடக்கட்டும். மெமரியை இரட்டிப்பாக்கித் தா."

"ஹோஸ்டில அவ்வளவு மெமரி இல்லை, அண்ணா. குடுத்த மாதிரி இருக்கும். பிறகு மற்றவைக்குத் தேவைப்படேக்கை பின்னாலை இருந்து பிடுங்கிப்போடும்."

"அதைப் பிறகு பாப்பம்."

பார்த்தார்கள். ஒரு கையால் கொடுத்ததை ஹோஸ்ட் மறுகையால் பிடுங்கியது. மெஷினுக்கு மெமரி போதாமல் எதற்கெடுத்தாலும் டிஸ்கைத் தட்டத் தொடங்கியது. அன்று கிழவி தன் வேலையை முடித்து, ஒட்வார் மதியச் சாப்பாட்டுப் பொதியைப் பிரித்து, பிறவுண் சீஸ் வைத்த பாண் இரண்டு துண்டும் தின்று முடிய, தக்சனின் வட்டம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்கு வந்த கதைதான். இதற்கிடையில் அவன் ஒவ்வொரு சிறு மாற்றத்துக்கு முன்னரும் ஒரு ஸ்னப்ஷொட். ஒன்றையும் அழிக்கவில்லை. எதுக்கும் இருக்கட்டும், எப்பவாவது உதவும்.

புதன்கிழமை பின்னேரம் தேயா விளையாட வந்தாள். முதன்முதலாக ஒரு சினேகிதி வீட்டுக்கு வருகிறாளென்று ஹம்சிகா காலையிலிருந்து துள்ளிக்கொண்டிருந்தாள். ஐஸ்கிறீம் கொடுப்பதாகத் திட்டம். பிறீசருக்குள் கைவிட்டு, 'வனிலா' என்று எழுதிய டப்பாவை எடுத்துவந்து, பெருமையாகத் திறந்து சினேகிதியின் முன்னால் வைத்தாள்.

நண்டுக்காலொன்று எட்டிப் பார்த்தது.

தேயா அலறினாள். ஹம்சிகா அழுதாள். சுஜானி குசினிக்குள் இருந்து ஓடி வந்தாள்.

"இதுக்குள்ள ஆர் நண்டுக் குழம்பை ஊத்தினது?"

தக்சன் சுவரைப் பார்த்தான்.

"கேக்கிறன் எல்லோ!"

"மிஞ்சிக் கிடந்தது… எறியாமல் எதுக்கும் இருக்கட்டுமெண்டு…"

சுஜானி பிறீசரை முழுவதுமாகத் திறந்து டப்பாக்களை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் அடுக்கினாள். சொக்லேற் என்று எழுதியதற்குள் ஆட்டிறைச்சி. ஸ்ரோபெரிக்குள் பருப்பு. பிஸ்தாவுக்குள் என்னவென்றே தெரியாத பச்சையாக ஒன்று.

"ஒண்டையும் எறிய விடமாட்டியள்! எது எதுக்குள்ள இருக்கெண்டு ஒருத்தருக்கும் தெரியாது. பிள்ளைக்கு ஒரு ஐஸ்கிறீம் எடுக்கிறதெண்டால் பத்து டப்பா திறந்து பாக்க வேண்டிக்கிடக்கு! அந்தப் பிள்ளை போய்த் தாய்க்கு என்ன சொல்லப்போகுது?"

தக்சன் வாயைப் பிளந்துகொண்டு நின்றான்.

"ஒண்டை எடுக்கப் பத்தைத் திறக்க வேணும்," என்று முணுமுணுத்தான். "ஐயோ, ஸ்னப்ஷொட்! ஒரு கொட்மீன் கணக்கைத் தேடுறதுக்கு என்ர மெஷின் எல்லா டப்பாவையும் திறந்து பாக்குது! சுஜானி, நீர் ஒரு மேதை!"

"உங்களுக்கு விசரோ?" என்றாள் மேதை. "முதல்ல இந்த நண்டைக் கொண்டுபோய்க் கொட்டுங்கோ."

கொட்டினான். கீழ்க்கடைக்கு ஓடி உண்மையான வனிலா வாங்கி வந்தான். தேயா கண்ணீரைத் துடைத்துக்கொண்டு இரண்டு கிண்ணம் தின்றாள். போகும்போது அந்த நண்டுக்காலைத் தரும்படி கேட்டாள், தம்பியைப் பயமுறுத்தவாம். சினேகிதம் பிழைத்துக்கொண்டது.

வியாழன் காலை வந்ததும் வராததுமாக, தக்சன் தன் ஸ்னப்ஷொட் அத்தனையையும் தெரிவு செய்து, அழி என்ற பொத்தானை ஒரே அமுக்காக அமுக்கினான். பழையன கழியட்டும்!

கழியவில்லை. அழிப்பதென்றால் அந்த மெஷினுக்கு, பத்து டப்பாவில் இருப்பதையும் ஒரே சட்டிக்குள் ஊற்றி, கலந்து, சரிபார்த்து வைக்கிற வேலை. டிஸ்க் மூச்சுத் திணறியது. தக்சனின் மெஷின் நின்றது. நின்றது மட்டுமா? ஒட்வாரும் எழுந்து நின்றார்.

"கம்லமூர் அசையிறாளில்லை!"

"என்ன?"

"றிப்போட் வரேல்லை! வெளியில லொறி எல்லாம் வரிசையா நிக்குது!"

தொலைபேசிகள் ஒன்றன்பின் ஒன்றாக அடிக்கத் தொடங்கின. முற்றத்தில் சாரதிகள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். மீன் ஐஸ் பெட்டிக்குள் கிடந்து காத்திருந்தது. ஒட்வார் படிகளில் தடதடவென்று நிலவறைக்கு இறங்கி, வியர்க்க விறுவிறுக்கத் திரும்பி வந்தார்.

"தட்டிக்குடுத்துப் பாத்தன். விளக்கெல்லாம் வடிவா மினுங்குது, ஒரு குறையுமில்லை. ஆனா வேலை செய்யிறாளில்லை! இவ்வளவு காலத்தில ஒருநாளும் இப்பிடிச் செய்யாதவள்!" அவருடைய கண்கள் கலங்கியிருந்தன. பாவம், மனுசனைப் பார்க்கத் தக்சனுக்கே ஒரு மாதிரியாகிவிட்டது.

அந்த நேரம் பார்த்து யூலியா மூச்சிரைக்க வந்து, தக்சனின் சட்டைக் கையைப் பிடித்துப் படிக்கட்டுப் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள்.

"அண்ணா, எத்தினை ஸ்னப்ஷொட் வைச்சிருந்தனீங்கள்?"

"கொஞ்சந்தான்."

"கொஞ்சமோ? எண்ணிப் பாத்தனான், அண்ணா! ஒரு ஊருக்குக் காணும்! அவ்வளவையும் ஒரே நேரத்தில அழிச்சால் டிஸ்க் என்னெண்டு தாங்கும்? அந்த ஹோஸ்டில இருக்கிற எல்லாரும் கையைக் காலை அடிச்சுக்கொண்டு நிக்கினம்!"

"இனிச் செய்யமாட்டன்."

"இனிச் செய்ய விட்டால்தானே! நான் ஒரு மாதிரிச் சமாளிக்கிறன். இனி நான் சொல்லுறதைக் கேப்பியளோ?"

தக்சன் பள்ளிக்கூடப் பிள்ளையைப்போல நின்றான். "கேக்கிறன். நாலு சீபியூ காணும். நீ சொன்னபடி எல்லாத்தையும் குறைச்சுவிடு."

"மெமரியும் பழைய அளவுதான். ஆனா அவ்வளவையும் உங்களுக்கெண்டே ஒதுக்கிவிடுறன், ஒருத்தரும் பிடுங்கேலாது. குறையுங்கோ எண்டு முந்தியே சொன்னனான்தானே, அண்ணா." குரலைத் தாழ்த்தினாள். "உண்மையைச் சொல்லுங்கோ. இவ்வளவு கரைச்சல் பட்டு என்ன சோதனை இது? அம்மாட்டைச் சொல்லமாட்டன்."

தக்சனுக்கு வாய்வரை வந்துவிட்டது. சொல்லியிருந்தால் இந்தக் கதை இந்த இடத்தோடு முடிந்திருக்கும். ஆனால் யூலியா சொல்லாவிட்டாலும், அனஸ்ரேசியா அக்கா பிள்ளையின் முகத்தைப் பார்த்தே பாதியைப் படித்து, மீதியைத் தானே எழுதிக்கொள்வாவே.

"சும்மா," என்றான். "ஒரு சோதனை."

மதியத்துக்குப் பிறகு லொறிகள் போயின. தக்சன் தன் மெஷினை ஓடவிட்டுப் பார்த்தான். பறந்தது. உண்மையாகவே பறந்தது. அவன் கதிரையிலிருந்து எழும்பி, யாரும் பார்க்கவில்லையென்று நிச்சயப்படுத்திக்கொண்டு, ஒரு சிறிய ஆட்டம் போட்டான்.

வெள்ளிக்கிழமை கன்டீன் நிரம்பி வழிந்தது. பந்தயத்தைப் பார்க்க வந்தவர்கள் அரைவாசி, கேக்குக்கு வந்தவர்கள் மீதி. ஒட்வாரின் கேக் பெரிய தட்டில் மார்சிப்பான் என்கிற வெள்ளைப் பாதாம் இனிப்பைப் போர்த்திக்கொண்டு இருந்தது. சுவரில் பெரிய திரை. இடப்பக்கம் கம்லமூர், வலப்பக்கம் தக்சனின் வேர்ச்சுவல். ஒட்வார் புதுச் சுவெற்றர் போட்டு, தலையை வாரி, கலியாண வீட்டு மாப்பிள்ளையின் தகப்பன் மாதிரி நின்றார்.

சுஜானியிடமிருந்து போனுக்கு ஒரு செய்தி வந்தது. 'என்ன மாதிரி?' தக்சன் பதில் எழுதாமல் போனைச் சட்டைப்பைக்குள் போட்டான்.

"தொடங்குவம்," என்றாள் இங்ரிட்.

இரண்டு கோடுகளும் ஓடத் தொடங்கின. முதலில் கிழவி முந்தினாள். பிறகு தக்சன் எட்டிப் பிடித்தான். கன்டீனில் கரண்டிச் சத்தமும் நின்றது. பாதியில் தக்சன் முந்தினான். ஒட்வாரின் கழுத்து நீண்டது. "வா, வா, என்ர ராசாத்தி," என்று அவர் வாய்க்குள் சொன்னது முன்வரிசைக்கே கேட்டது. தக்சனின் வாயும் தன்பாட்டில் பிள்ளையாரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. கடைசிக் கொஞ்சத் தூரம், இரண்டு கோடும் தோளோடு தோள்.

ஒரு தும்மல் தும்முகிற நேரம். அவ்வளவுதான் வித்தியாசம்.

கிழவி முந்திவிட்டாள்.

கன்டீன் கைதட்டியது. ஒட்வார் மூக்கை உறிஞ்சிக்கொண்டு தக்சனிடம் வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். "நீ நல்லாத்தான் ஓடினாய். இவளுக்கு இவ்வளவு கிட்ட ஒருத்தரும் வந்ததில்லை. ஆனா தம்பி, இரும்பு இரும்புதான்."

தக்சன் சிரிக்க முயன்றான். ஸ்தவாங்கரில் மழையும், வாடகை அறையும், போன் திரைக்குள் ஹம்சிகாவின் முகமும் கண்முன் வந்து நின்றன. இவ்வளவு பாடுபட்டும் சுஜானிக்கு என்னவென்று சொல்வது? அந்த நேரத்தில் அவனுக்கு ஒட்வாரில் கோபம் வரவில்லை, கிழவியில் வந்தது. கீழே இறங்கிப்போய் அந்த இரும்பை ஒரு உதை உதைத்தால் என்னவென்று தோன்றியது.

இங்ரிட் தொண்டையைச் செருமினாள்.

"தக்சன், உன்ர முயற்சிக்கு நன்றி. எல்லாரும் பாராட்டுறம். ஆனா எல்லாரும் கண்ணாலையும் பாத்திட்டம். டேட்டாபேஸை வேர்ச்சுவல்ல ஓட்டினால் இரும்பின்ர வேகம் வராது. திட்டத்தை இதோட நிப்பாட்டுவம். உன்ர ஒப்பந்தத்தைப் பற்றித் திங்கக்கிழமை ஆறுதலாக் கதைப்பம்."

அப்போதுதான் நாலாம் மாடியிலிருந்து யூலியா வந்து சேர்ந்தாள். அவளுக்குப் பந்தயமும் தெரியாது, ஒன்றும் தெரியாது. கேக் இருக்கிறதென்று யாரோ சொல்லியிருந்தார்கள். நேரே தட்டுக்குப் போய்ப் பெரிய துண்டொன்றை வெட்டி, நின்றபடியே வாய்க்குள் போட்டாள்.

"நல்லதாப் போச்சு, யூலியா," என்றாள் இங்ரிட். "தக்சனின்ர மெஷினை இண்டைக்கே நிப்பாட்டிவிடு. டேட்டாபேஸுக்கு வேர்ச்சுவல் சரிவராதெண்டு முடிவெடுத்திட்டம். கம்லமூர் இருக்கிற மாதிரியே இரும்பில இருக்கட்டும்."

யூலியா மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினாள். இங்ரிட்டைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள், பிறகு தக்சனைப் பார்த்தாள். கேக்கை அவசரமாக விழுங்கினாள்.

"எந்த இரும்பு? மூண்டு வருசத்துக்கு முந்தி, ஒட்வார் கோடை லீவில நிண்ட நேரம் அந்தப் பெட்டி எரிஞ்சுபோச்செல்லோ. மனுசன்ர மனம் நோகக்கூடாதெண்டு பழைய மனேச்சர் விளக்கை மட்டும் மினுங்க விடச்சொன்னவர், கம்லமூரை நான் அண்டைக்கே வேர்ச்சுவலா மாத்தி, இப்ப தக்சன் அண்ணா இருக்கிற அதே ஹோஸ்டிலதானே குடிவைச்சிருக்கிறன்!"